மூச்சில் ஏன் நாற்றம்?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று நீளும் தொழிற்பேட்டைச் சாலைகளில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தால், தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் பாதித் தூக்கத்தில் ஜன்னலோரம் சாய்ந்திருப்பார்கள். இரவு ஷிப்டு முடித்தவர்களை ஏற்றிக்கொள்ள வேறு பேருந்துகள் வாயிலில் காத்திருக்கும். இத்தொழிற்சாலைகளின் சில பிரிவுகளில், குறிப்பாக மின்னணுப் பொருள்களைப் பொருத்தும் கூடங்களிலும் வண்ணம் பூசும் கூடங்களிலும், முகக்கவசம் அணிந்துதான் வேலை செய்ய வேண்டும். 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது இந்தக் கவசம் தொழிற்சாலையின் மதிலைத் தாண்டி வெளியே வந்து நம் எல்லோருடைய முகத்திலும் ஏறிக்கொண்டது. அப்போது பலர் தம்முடைய மூச்சின் நாற்றத்தை முதன்முதலாக உணர்ந்தார்கள்.

அந்த நாற்றம் கவசத்தால் உண்டானதன்று. அது முன்பும் இருந்தது. எதிரில் நின்றவர்கள் அதை அறிந்திருந்தார்கள், சொல்லத் தயங்கினார்கள். வாய் நாற்றத்தில் உள்ள விந்தையே இதுதான். உடையவருக்குத் தெரியாது, தெரிந்தவர் சொல்லமாட்டார். வகுப்பில் ஒரு மாணவன் அருகில் அமர மற்றவர்கள் விரும்பாததற்கும், ஒரு மாணவி வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசுவதற்கும் இது காரணமாக இருக்கலாம். அவர்கள் பல் துலக்காத சோம்பேறிகள் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. ஆனால் பெரும்பாலும் அந்த முடிவு தவறு. நாள்தோறும் இருமுறை பல் துலக்குகிறவர்களுக்கும் வாய் நாற்றம் இருக்கக்கூடும். ஏன் என்று பார்ப்போம்.

நாற்றம் என்பது என்ன?

ஒரு பொருளிலிருந்து மூலக்கூறுகள் ஆவியாகிக் காற்றில் கலந்து நம் மூக்கின் மேற்பகுதியிலுள்ள நரம்பு முனைகளைத் தொட்டால்தான் மணம் தெரியும். ஆகவே ஆவியாகாத பொருளுக்கு மணம் இல்லை. இரும்புத் துண்டும் கண்ணாடியும் மணப்பதில்லை. வாய் நாற்றத்துக்குக் காரணமான பொருள்கள் எவை என்று தேடினால், எளிதில் ஆவியாகும் பொருள்களைத்தான் தேட வேண்டும்.

இந்தத் தேடலை முறையாகச் செய்தவர்களில் முக்கியமானவர் கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் டான்செடிச். 1960-களிலும் 70-களிலும் அவர் வாய்க்காற்றை வாயு நிறப்பிரிகை என்னும் முறையால் பிரித்து ஆராய்ந்தார். அவர் கண்ட முக்கியக் குற்றவாளிகள் மூன்று கந்தகச் சேர்மங்கள்: ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன், டைமெத்தில் சல்பைடு. முதலாவது அழுகிய முட்டையின் நாற்றம். இரண்டாவது அழுகிய முட்டைக்கோசை நினைவூட்டும். இதன் நெருங்கிய உறவினரை நீங்கள் நன்றாக அறிவீர்கள். சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் அவ்வளவாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக அதில் சிறிதளவு எத்தில் மெர்காப்டனைக் கலந்து அனுப்புகிறார்கள். சிலிண்டர் கசியும்போது நாம் முகர்வது அதைத்தான். மிகச் சிறிய அளவிலேயே மூக்கைத் துளைக்கும் பொருள் வேண்டும் என்று தேடி எடுத்த குடும்பம் அது. அக்குடும்பத்தின் மற்றொரு பிள்ளை நம் வாயிலேயே பிறக்கிறது என்றால் நாற்றம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவற்றின் கொதிநிலைகளையும் கவனியுங்கள். ஹைட்ரஜன் சல்பைடின் கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழே 60 டிகிரி செல்சியஸ். மெத்தில் மெர்காப்டனுக்கு 6 டிகிரி. டைமெத்தில் சல்பைடுக்குச் சுமார் 37 டிகிரி. நம் உடலின் வெப்பநிலையும் அதுவே! ஆகவே வாயில் இவை உண்டானால் அங்கே நீர்மமாகத் தங்கியிருக்க வழியில்லை. உமிழ்நீரில் சிறிது கரைந்திருக்கும். உமிழ்நீர் வற்றினாலோ வாய் திறந்தாலோ காற்றோடு வெளியேறும்.

அளவு எவ்வளவு? மருத்துவர்கள் வாய் நாற்றம் உண்டு என்று கருதும் நிலையில் இந்தக் கந்தக வாயுக்களின் பங்கு ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று. அதாவது ஒரு கோடி காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே ஒரே ஒரு கந்தக மூலக்கூறு. மிகக் குறைவு என்று தோன்றும். ஆனால் ஒரு சாதாரண மூச்சில் நாம் சுமார் 500 மில்லிலிட்டர் காற்றை வெளியே விடுகிறோம். அவகாட்ரோ எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், அந்த ஒரே மூச்சில் சுமார் பன்னிரண்டு கோடி கோடி கந்தக மூலக்கூறுகள் இருக்கும். பதினோராம் வகுப்பு மாணவர்கள் இதைத் தாங்களே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். நம் மூக்கு ஹைட்ரஜன் சல்பைடை இதைவிடக் குறைந்த அளவிலேயே கண்டுகொள்ளும் ஆற்றல் உடையது. எதிரில் இருப்பவர் முகத்தைச் சுளிப்பதில் வியப்பில்லை.

வாயுக்கள் எங்கிருந்து வருகின்றன?

நாம் உண்ணும் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றிலுள்ள புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் சிஸ்டீன், மெத்தியோனின் என்ற இரண்டில் கந்தகம் உண்டு. உணவுத் துணுக்கு மட்டுமன்று, வாயின் உட்புறத்திலிருந்து ஓயாது உதிரும் இறந்த செல்களும், மூக்கின் பின்புறமிருந்து தொண்டைக்கு வடியும் சளியும், ஈற்றிலிருந்து கசியும் இரத்தமுங்கூடப் புரதந்தான். இவற்றைச் சிதைத்துத் தின்னும் பாக்டீரியாக்கள் நம் வாயில் குடியிருக்கின்றன. சிஸ்டீனைச் சிதைத்தால் ஹைட்ரஜன் சல்பைடு. மெத்தியோனினைச் சிதைத்தால் மெத்தில் மெர்காப்டன்.

வாயில் உயிர்கள் குடியிருப்பதை முதலில் கண்டவர் ஹாலந்து நாட்டுத் துணி வணிகர் லீவன்ஹூக். தாமே தேய்த்துச் செய்த வில்லையின் வழியே தம் பற்களின் இடுக்கிலிருந்து எடுத்த வெண்மையான மாவுபோன்ற பொருளைப் பார்த்தார். அதில் சிறு உயிர்கள் துள்ளி ஓடுவதைக் கண்டு 1683-ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் ராயல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அவர் நாள்தோறும் உப்பால் பல் தேய்த்துத் துணியால் துடைத்துக்கொள்பவர். அப்படிப்பட்டவர் வாயிலேயே அவை இருந்தன என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த பாக்டீரியாக்களில் நாற்றத்துக்குக் காரணமான பெரும்பாலானவை ஆக்சிஜனை விரும்பாதவை. காற்றோட்டமான வாயில் அவற்றுக்கு இடம் ஏது என்று கேட்கலாம். கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். முன்பகுதி இளஞ்சிவப்பாகவும், பின்பகுதி வெண்மை அல்லது மஞ்சள் படிந்தும் தோன்றும். நாக்கு ஒரு வழவழப்பான தோல் அன்று. கம்பளி விரிப்பைப் போல நுண்ணிய முடிச்சுகளும் பள்ளங்களும் நிறைந்தது. அப்பள்ளங்களின் அடியில் ஆக்சிஜன் எட்டுவதில்லை. மேலே இருக்கும் பாக்டீரியாக்கள் வரும் ஆக்சிஜனை உண்டுவிட, கீழே இருப்பவை நிம்மதியாக வாழ்கின்றன. பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவிலுள்ள இடுக்கும் இத்தகைய இடமே. தொடர்ந்து வாய் நாற்றம் உள்ளவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்தான் இருக்கிறது. அதிலும் நாக்கின் பின்பகுதியும் ஈறுமே முதன்மை. பல்லை மட்டும் தேய்த்துவிட்டு நாக்கை விட்டுவிடுகிறவர், வாசலைக் கூட்டிவிட்டுக் கூடத்தை விட்டவரைப் போன்றவர்.

வயிறு கெட்டால் வாய் நாறும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. இது பெரிதும் மிகைப்படுத்தப்பட்ட கருத்து என்றே எனக்குத் தோன்றுகிறது. உணவுக்குழாய் சாதாரண நேரங்களில் மூடியே இருக்கும். ஏப்பம் விடும்போது மட்டுமே வயிற்றின் காற்று மேலே வரும். பேதி மருந்து குடித்து வாய் நாற்றத்தைப் போக்க முயல்வதில் பயன் இல்லை.

உமிழ்நீர் என்னும் காவலாளி

நம் உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. இது உணவை நனைப்பதற்கு மட்டுமன்று. பாக்டீரியாக்களையும் உதிர்ந்த செல்களையும் அடித்துச் சென்று விழுங்கவைக்கிறது, கரைந்த ஆக்சிஜனைக் கொண்டு வருகிறது, அமிலத்தை நடுநிலையாக்குகிறது. தூக்கத்தில் இந்தச் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவேதான் எழுந்தவுடன் எல்லோருக்கும் வாய் நாறுகிறது. இது நோய் அன்று. பல் துலக்கிக் காலை உணவு உண்டதும் மறைந்துவிடும். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்களுக்குச் சற்றே கூடுதலாக இருக்கும்.

இப்போது மீண்டும் ஷிப்டுப் பேருந்தை நினையுங்கள். இரவெல்லாம் வேலை செய்து பகலில் தூங்குகிறவருக்கு எது காலை, எது இரவு? எப்போது பல் துலக்குவது? அவசரத்தில் உணவைத் தவிர்ப்பார். விழித்திருக்கச் சர்க்கரை மிகுந்த தேநீரை அடிக்கடி குடிப்பார். வேலையின் நடுவே தண்ணீர் குடிக்க வாய்ப்புக் குறைவு. முகக்கவசம் அணிந்தவர்களில் சிலர் தம்மை அறியாமல் வாயால் மூச்சுவிடுவார்கள். எல்லாம் சேர்ந்து வாயை உலரவைக்கின்றன. உமிழ்நீர் குறைந்தால் நாற்றம் மட்டுமன்று, சொத்தைப் பல்லும் விரைவில் வரும். உங்கள் அண்ணனோ அக்காவோ அத்தொழிற்சாலைகளில் வேலை செய்தால், கடிகாரத்தைப் பார்த்துப் பல் துலக்க வேண்டாம், தூங்கப் போகும் முன்பும் எழுந்த பின்பும் துலக்கவேண்டும் என்று சொல்லுங்கள். பகலில் தூங்கினாலும் அதுதான் அவர்களுடைய இரவு.

உண்ணாவிரதத்தின்போது வேறொரு மணமும் சேரும். உணவு கிடைக்காத உடல் கொழுப்பை எரிக்கிறது. அதிலிருந்து அசிடோன் உண்டாகி இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து மூச்சில் வெளியேறும். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் மணம் அது. பூண்டின் கதையும் இதைப் போன்றதே. பூண்டிலிருந்து உண்டாகும் அல்லைல் மெத்தில் சல்பைடு என்ற பொருள் குடலிலும் கல்லீரலிலும் அழியாமல் இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய்விடும். அதனால்தான் பூண்டு ரசம் சாப்பிட்டவர் எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் மணிக்கணக்கில் மணம் போவதில்லை.

தன் நாற்றம் ஏன் தனக்குத் தெரிவதில்லை?

மீன் சந்தைக்குள் நுழையும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஐந்து நிமிடம் கழித்து மீனைப் பேரம் பேசிக்கொண்டிருப்போம். தொடர்ந்து ஒரே மணம் வந்துகொண்டிருந்தால் மூக்கும் மூளையும் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். எப்போதும் நம்மோடு இருக்கும் நம் வாயின் மணம் நமக்குத் தெரியாதது இதனாலேயே. முகக்கவசம் மூச்சைத் தேக்கி, வழக்கத்துக்கு மாறாக மொத்தமாக மூக்குக்கு அனுப்பியதால் சிலருக்கு அது தெரிந்தது. கைகளைக் குவித்து ஊதி முகர்ந்து பார்ப்பது அவ்வளவு நம்பத்தக்க சோதனை அன்று.

மூக்கின் இந்தக் குணத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வாயில் உண்டாகும் அதே ஹைட்ரஜன் சல்பைடு, வீட்டுச் செப்டிக் தொட்டியிலும் அதே காரணத்தால் உண்டாகிறது: ஆக்சிஜன் எட்டாத இடத்தில் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. வேறுபாடு அளவில்தான். வாயில் கோடியில் ஒரு பங்கு. தொழிற்சாலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை செய்கிறவர்கள் சட்டையில் செருகிக்கொள்ளும் வாயு எச்சரிக்கைக் கருவி, வழக்கமாக இலட்சத்தில் ஒரு பங்கு வந்ததும் அலறும்படி அமைக்கப்படுகிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்கை எட்டினால் விபரீதமான ஒன்று நிகழ்கிறது. மணத்தை உணரும் நரம்பே சில நிமிடங்களில் செயலிழந்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று மனிதன் எண்ணுகிறான். ஆயிரத்தில் ஒரு பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே நினைவிழந்து விழுவான். இந்த வாயு காற்றைவிடச் சற்றுக் கனமானது. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29, இதற்கு 34. காற்றோட்டம் இல்லாத ஆழமான தொட்டியில் அது வெளியேற வழியின்றித் தங்கிவிடும். அதோடு அங்கே ஆக்சிஜனும் குறைவு. மீத்தேனும் கார்பன்-டை-ஆக்சைடும் சேர்ந்திருக்கும்.

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலி கிராமத்தில் ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி ஆறு பேர் இறந்தார்கள்; அவர்களில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இத்தகைய விபத்துகளில் பெரும்பாலும் நடப்பது ஒன்றே. முதலில் இறங்கியவர் விழுகிறார். அவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்குகிறார். அவரைக் காப்பாற்ற மற்றொருவர். அன்பினால் இறங்குகிறவரையும் வாயு விடுவதில்லை. கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்பின்றி மனிதரை இறக்கி வேலை வாங்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. உங்கள் தெருவில் யாராவது தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே இறங்க முற்பட்டால், நாற்றம் இல்லையே என்று அவர் சொன்னாலும், தடுத்து நிறுத்துங்கள். உறிஞ்சும் இயந்திரம் பொருத்திய லாரியை அழைக்கச் சொல்லுங்கள். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள்; தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். மூச்சுக் கருவி அணிந்தவர் மட்டுமே அங்கே இறங்கலாம்.

ஈறு சொல்லும் செய்தி

வாய்க்கு வருவோம். பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா? தூரிகை கடினமாக இருக்கிறது என்று பலர் தூரிகையைக் குறை சொல்கிறார்கள். சிலர் இரத்தம் வரும் இடத்தைத் துலக்காமலே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஈறு அழற்சியின் அறிகுறி. பற்களின் அடியில் படியும் பாக்டீரியாப் படலத்தை அன்றாடம் அகற்றாவிட்டால், உமிழ்நீரிலுள்ள கால்சிய உப்புகள் அதில் படிந்து காரையாகக் கெட்டிப்படும். காரையின் சொரசொரப்பில் மேலும் பாக்டீரியா சேரும். ஈறு பல்லை விட்டு விலகிப் பை போன்ற பள்ளம் உண்டாகும். மெத்தில் மெர்காப்டன் மிகுதியாகப் பிறக்கும் இடம் இது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வரும். ஈறு நோய் முற்றினால் நீரிழிவைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்களின் வாய் நாற்றத்தைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்.

கெட்டிப்பட்ட காரையைத் தூரிகையால் அகற்ற முடியாது. பல் மருத்துவர்தான் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆட்டம் கண்ட பல்லைக் காரைதான் சிமெண்டு போலப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் உள்ள ஆட்டம் வெளியே தெரிகிறது. சிகிச்சையின்மேல் பழி விழுகிறது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் பல்லே விழுந்திருக்கும்.

புகையிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெடுநேரம் நின்று வேலை செய்கிறவர்கள் களைப்பு தெரியாமலிருக்கச் சிறு பொட்டலங்களில் வரும் மெல்லும் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வதைத் தொழிற்பேட்டைப் பகுதிகளில் காணலாம். தமிழ்நாட்டில் குட்கா, பான்மசாலா வகைகளுக்கு 2013-ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. மறைவாக விற்கப்படுவது முற்றிலும் நிற்கவில்லை. புகையிலை ஈற்றைக் கெடுத்து நாற்றத்தை உண்டாக்குவதோடு, ஈற்றில் இரத்தம் கசிவதையும் குறைத்துக் காட்டி நோயை மறைத்துவிடும். பாக்கும் சேர்ந்தால் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி வாய் திறப்பதே கடினமாகும். இது புற்றுநோய்க்கு முன்னோடியாகலாம். ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

என்ன செய்யலாம்?

நம் பாட்டிமார் வைத்திருந்த ஒரு கருவியிலிருந்தே தொடங்கலாம். நாக்கு வழிக்கும் தகடு! மேல்நாட்டார் பலருக்கு அண்மைக் காலம்வரை அறிமுகமில்லாத இந்தச் செம்புத் தகடு நம் வீடுகளில் தலைமுறைகளாக இருந்துவந்தது. பிளாஸ்டிக் தூரிகை வந்தபின் பல வீடுகளில் இது காணாமற்போய்விட்டது என்பது வருந்தத்தக்கது. நாக்கின் பின்பகுதியிலிருந்து முன்நோக்கி மெதுவாக, இரத்தம் வராமல், நாலைந்து முறை வழித்தால் போதும். குமட்டல் வந்தால் மூச்சை வெளியே விட்டபடி வழியுங்கள்.

பல் துலக்குவது காலையில் ஒருமுறை மட்டுமன்று. இரவு படுக்கும் முன் துலக்குவது அதைவிட முக்கியம், ஏனெனில் உமிழ்நீர் விடுப்பில் போகும் நேரம் அது. மென்மையான தூரிகை, ஃபுளோரைடு கலந்த பற்பசை, இரண்டு நிமிடம். ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நல்லவையே; குச்சியை நன்றாக மென்று நாராக்கி, ஈற்றைக் கிழிக்காமல் பயன்படுத்த வேண்டும். ஆனால் அதில் ஃபுளோரைடு இல்லை. செங்கல் தூளை மட்டும் தொடவே தொடாதீர்கள். பற்சிப்பியின் கடினம் மோஸ் அளவில் 5. செங்கல் தூளிலுள்ள குவார்ட்ஸ் மணலின் கடினம் 7. கடினமானது மென்மையானதைக் கீறும் என்பது நீங்கள் படித்ததுதானே! உமிக்கரியிலும் சிலிக்கா மிகுதி. நாள்தோறும் அழுத்தித் தேய்த்தால் பல் தேயும். தேய்ந்த சிப்பி மீண்டும் வளராது.

கிராம்பும் ஏலக்காயும் சோம்பும் மென்றால் வாய் மணக்கும். ஒரு மணத்தை இன்னொரு மணத்தால் மூடுகிறோம், அவ்வளவே. மெல்லுவதால் உமிழ்நீர் ஊறுவது உண்மையான நன்மை. கடைகளில் விற்கும் வாய் கொப்பளிக்கும் திரவங்களில் துத்தநாக உப்பு கலந்தவற்றுக்கு ஒரு வேதியியல் நியாயம் உண்டு. துத்தநாக அயனி கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு துத்தநாக சல்பைடாக மாறிவிடும். அது ஆவியாகாத திடப்பொருள், ஆகவே மணக்காது. ஆனால் ஈற்றில் பையும் காரையும் இருக்கும்போது எந்தத் திரவமும் சில மணிநேரத்துக்குமேல் உதவாது. குளோர்ஹெக்சிடின் என்ற மருந்துத் திரவத்தை மருத்துவர் சொன்ன நாள்களுக்குமேல் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

இவ்வளவும் செய்து சில வாரங்களாகியும் நாற்றம் நீடித்தால் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு உண்டு. சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பல்லிலும் ஈற்றிலும் குறை இல்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். தொண்டைச் சதையின் குழிகளில் அரிசிக் குருணை போன்ற வெண்கற்கள் உண்டாகி நாறுவதுண்டு. சிறு குழந்தையின் ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமும் சளியும் இருந்தால், புளியங்கொட்டையோ பஞ்சோ உள்ளே சிக்கியிருக்கலாம். மூச்சில் பழம்போன்ற மணத்தோடு மிகுந்த தாகமும் வாந்தியும் சோர்வும் இருந்தால் கட்டுப்பாடிழந்த நீரிழிவாக இருக்கக்கூடும். ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மூச்சில் அம்மோனியா மணம் சிறுநீரக நோய் முற்றியதைக் காட்டலாம்.

இன்னொரு வகையினரும் உண்டு. வாய் நாற்றம் சிறிதும் இல்லாமலே, இருப்பதாக நம்பித் துன்புறுகிறவர்கள். எதிரில் இருப்பவர் மூக்கைத் தொட்டால்கூடத் தம்மைத்தான் சொல்கிறார் என்று நினைப்பார்கள். உங்கள் வயதில் இந்த ஐயம் எளிதில் வரும். ஐயம் இருந்தால் வீட்டில் அம்மாவையோ அண்ணனையோ நேரே கேட்டுவிடுவதே நல்ல வழி. கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு சோதனை: கரண்டியின் விளிம்பால் நாக்கின் பின்பகுதியை மெல்ல வழித்து, பத்து விநாடி கழித்து முகர்ந்து பாருங்கள்.

பள்ளி ஆய்வகத்தில் ஒரு சோதனை

பால் பண்ணைகளில் பாலின் தரத்தை அறிய மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். பாக்டீரியாக்கள் பாலிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்ததும் இந்தச் சாயம் நிறமிழந்துவிடும். எவ்வளவு விரைவில் நிறம் போகிறதோ அவ்வளவு பாக்டீரியா. இதே முறையால் உங்கள் உமிழ்நீரையும் சோதிக்கலாம். சாயம் உயிரியல் ஆய்வகத்தில் இருக்கும். ஆசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள்.

காய்ச்சி ஆறிய பாலை மூன்று சுத்தமான சோதனைக் குழாய்களில் பத்துப்பத்து மில்லிலிட்டர் ஊற்றுங்கள். முதல் குழாயில், காலையில் பல் துலக்குமுன் ஒரு சிறு புட்டியில் சேர்த்த உமிழ்நீர் ஒரு மில்லிலிட்டர். இரண்டாவதில், பல் துலக்கி நாக்கு வழித்து அரை மணி நேரம் கழித்துச் சேர்த்த உமிழ்நீர் அதே அளவு. மூன்றாவதில் கொதித்து ஆறிய தண்ணீர். ஒவ்வொன்றிலும் நீர்த்த மெத்திலீன் நீலத்தை ஒரே எண்ணிக்கைத் துளிகளாக விட்டு வெளிர்நீலமாக்குங்கள். தக்கையால் மூடி ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, வெதுவெதுப்பான நீருள்ள பாத்திரத்தில் நிறுத்துங்கள். நீரின் வெப்பநிலை 37 டிகிரிக்கு அருகில் இருக்கும்படி அவ்வப்போது வெந்நீர் சேருங்கள். நிறம் போக மணிக்கணக்கில் ஆகலாம். ஒவ்வொரு குழாய்க்கும் நேரத்தைக் குறித்து வாருங்கள். நிறமிழந்த குழாயில் பாலின் மேற்பரப்பையொட்டி மட்டும் மெல்லிய நீல வளையம் நிற்பதைக் காண்பீர்கள். அங்கே மட்டுமே காற்றிலிருந்து ஆக்சிஜன் கிடைக்கிறது. குழாயைக் குலுக்கினால் நீலம் திரும்பவும் பரவும். உங்கள் நாக்கின் பள்ளத்தில், மேலே ஆக்சிஜனும் கீழே இன்மையுமாக இருக்கும் அமைப்பு இதே போன்றது.

ஒவ்வொருவரும் தம்முடைய உமிழ்நீரை மட்டுமே கையாள வேண்டும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது; அளக்க மருந்துத் துளிவிடும் குழாய் போதும். சோதனை முடிந்ததும் குழாய்களில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி அரை மணி நேரம் வைத்துப் பிறகு கழுவுங்கள்.